காயிதே மில்லத் என்ன சாதித்தார்?

(அச்சன்புதூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்கினிய இளைஞர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! இவ்வுரையை அச்சில் வாசிக்கும் சகோதரர்களே!

2025 ஏப்ரல் 3-ஆம் தேதி விடிவதற்கு முன் மக்களவையில் வக்ஃப் திருத்த மசோதா நிறைவேறியது. ஆதரவு 288, எதிர்ப்பு 232. அடுத்த இரவு மாநிலங்களவையில் 128-க்கு 95. ஏப்ரல் 5-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அந்த வாரம் வடகரை, பண்பொழி, கடையநல்லூர் என்று எங்கே போனாலும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஹஜ்ரத், விடிய விடியப் பேசினார்கள். திருத்தம் மேல் திருத்தம் கொடுத்தார்கள். எல்லாம் தள்ளப்பட்டது. அப்புறம் எதற்கு ஓட்டு? எதற்கு இயக்கம்? எதற்கு நோட்டீஸ், கொடி, கூட்டம்?"

ஒரு தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். "மேடைக்கு மேடை காயிதே மில்லத் என்கிறீர்களே, அவர்தான் என்ன சாதித்தார்? அவர் கொடுத்த திருத்தமும் தோற்றதுதானே?"

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் மேடைகள் மேல்தான் கோபம். கண்ணியத்திற்குரிய, கண்ணியத்திற்குரிய என்று அடைமொழி போட்டுப் போட்டு அந்த மனிதர் செய்த வேலையை நாம் சொல்லாமலே விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு அவர் ஒரு தொப்பி வைத்த படமாகவும் ஒரு சாலையின் பெயராகவும் ஆகிவிட்டார். கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் மறைந்த நாளும் ஏப்ரல் 5 தான். ஆண்டு 1972.

பேட்டை தந்த பிள்ளை

தென்காசியில் ரயில் ஏறி நெல்லை ஜங்ஷனுக்குப் போகிறீர்களே, டவுனுக்கு முன்னால் வருகிறதே பேட்டை ஸ்டேஷன், அந்த ஊர்க்காரர் அவர். வடநாட்டு நவாப் வீட்டுப் பிள்ளை அல்ல. நம் திருநெல்வேலிச் சீமை ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. 1896 ஜூன் 5-இல் பிறந்தார். தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அரபியும் குர்ஆனும் கற்றுக்கொடுத்தது தாயார். பெண்பிள்ளைகளை ஓதவைக்கத் தயங்கும் வீடுகள் இன்னமும் இருந்தால் இதைக் கேட்கட்டும். அந்தத் தாய்க்கு ஓதத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தச் சமுதாயத்துக்கு ஒரு தலைவர் கிடைத்திருப்பாரா?

1909-இல், பதின்மூன்று வயதில், பேட்டையில் இளம் முஸ்லிம் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1918-இல் மஜ்லிஸுல் உலமா அமைப்பதில் முன்னின்றார். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் படித்தார். 1920-இல் பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரம். கிலாஃபத்தும் ஒத்துழையாமையும் நாட்டைக் குலுக்கிய காலம் அது. தேர்வை எழுதாமல் வெளியே வந்துவிட்டார். பட்டம் இல்லை, கையில் உத்தியோகம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? வியாபாரத்துக்குப் போனார்.

வணிகச் சகோதரர்களே, இந்த இடத்தில் நீங்கள் காது கொடுக்க வேண்டும். அவர் இறங்கியது தோல் வியாபாரம். அந்நாளில் சென்னை பெரியமேட்டில் தோல் மண்டிகள் நிறைந்திருந்தன. அந்தத் தொழிலில் நம்மவர் கை ஓங்கியிருந்தது. நம் வறண்ட காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போகும். அங்கே விலை சரிந்தால் இங்கே மண்டிக்காரர் வீட்டில் உலை கொதிக்காது. சரக்கு நம் கையில், விலை எவன் கையிலோ! அந்தத் தொழிலில் பெரும்புள்ளியாய் விளங்கிய ஜமால் முஹம்மது சாஹிபின் நிறுவனத்தோடு இஸ்மாயில் சாஹிப் இணைந்து பணியாற்றினார். அந்தக் குடும்பத்திலேயே திருமண உறவும் அமைந்தது. தோல் வணிகர் சங்கத்திலும் வர்த்தகச் சபையிலும் பொறுப்புகள் வகித்தார்.

"நமக்கு எதற்குப் பாய் அரசியல், கடை இருக்கிறது" என்று சொல்பவர்கள் நம் பஜாரில் நிறையப் பேர். நான் குறை சொல்லவில்லை. ஷட்டரை இறக்கினால் அன்றைய வருமானம் போச்சு. ஆனால் இந்தியாவில் முஸ்லிம்களுக்கு ஓர் அரசியல் மேடை இல்லாமல் போக இருந்த வேளையில் அதை அணையாமல் காத்தவர் ஒரு மண்டிக்காரர்தான். சங்கத்தில் தீர்மானம் எழுதத் தெரிந்தவர், கணக்குக் கொடுக்கத் தெரிந்தவர், ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் மறு கடிதம் போடத் தெரிந்தவர். அந்தப் பழக்கம் கடையில் வந்தது. அதுதான் பிறகு அவைக்கும் போனது.

எல்லோரும் கலைத்தபோது

1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முஸ்லிம் லீக் 28 இடங்களில் வந்தது. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு நாடு பிளந்தது. வடக்கே ரத்த ஆறு. டெல்லியிலும் பஞ்சாபிலும் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை.

1947 டிசம்பர் நடுவில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கூடியது. லீக்கை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு. பாகிஸ்தான் பகுதிக்கு அமைப்பாளர் லியாகத் அலி கான். இந்தியப் பகுதிக்கு அமைப்பாளர் நம் பேட்டைக்காரர். எவ்வளவு பெரிய சுமை என்று நினைத்துப் பாருங்கள்! பெரிய பெரிய தலைவர்கள் பெட்டி கட்டிப் போய்விட்டார்கள். அதே டிசம்பர் இறுதியில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் லக்னோவில் மாநாடு கூட்டி, முஸ்லிம்கள் தனி அரசியல் அமைப்புகளைக் கலைத்துவிட வேண்டும் என்று ஆலோசனை சொன்னார். ஆசாத் சமுதாயத்தின் பகைவர் அல்ல. அந்த நாளின் அச்சத்தில், இனித் தனி அமைப்பு இருந்தால் ஆபத்து என்று நினைத்தவர்கள் மார்க்க அறிஞர்களிலும் பலர் இருந்தார்கள். அவர்களை இன்று மேடையில் ஏசுவது எளிது. நான் ஏச மாட்டேன்.

1948 மார்ச் 10-இல் சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே அந்த மண்டபத்தில், இந்தியப் பகுதியின் கவுன்சில் கூடியது. வந்தவர்கள் குறைவு. காந்தியடிகள் கொல்லப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. கலைத்துவிடலாம் என்ற குரல் உள்ளேயே இருந்தது. கலைப்பதில்லை என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாஹிப் தலைவர். கடைசி மூச்சு வரை அவரே தலைவர்.

தெற்கே இருந்தவர்களுக்கு அது எளிது, இங்கே கலவரம் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். கலவரம் இல்லை, உண்மைதான். ஆனால் சந்தேகக் கண் இருந்தது. கராச்சிக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவர், லீக் என்ற அதே பெயரை வைத்துக்கொண்டு, இந்த நாட்டு அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேச வேண்டும். அந்த நாற்காலியில் நம்மில் எத்தனை பேர் உட்கார்வோம்?

1948 நவம்பர் 23

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

அரசியல் சட்ட வரைவில் 35-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது அது 44-ஆவது பிரிவு. 1948 நவம்பர் 23-இல் அது விவாதத்துக்கு வந்தது. இஸ்மாயில் சாஹிப் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனக்கென்று தனிச் சட்டம் உள்ள எந்தச் சமுதாயமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பது அது. முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்தச் சமுதாயமும் என்றுதான் கேட்டார். இதை நம் பேச்சாளர்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வெறும் உணர்ச்சியோடு நிற்கவில்லை. ஐரோப்பாவைக் கொண்டுவந்து அவையின் முன் வைத்தார். முதல் உலகப் போருக்குப் பின் உருவான செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் அரசு, அதாவது யூகோஸ்லாவியா, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்ப விவகாரங்களை அவர்களின் வழக்கப்படியே நடத்த ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்திருந்ததை எடுத்துக்காட்டினார். பேட்டையில் தாயிடம் ஓதிய பிள்ளை, பட்டம் வாங்காத தோல் வியாபாரி, அந்த அவையில் பால்கன் நாட்டு ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுகிறார்! தம்பி, இதற்கு எத்தனை இரவு விழித்துப் படித்திருக்க வேண்டும் என்று யோசி.

போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலி பேக் சாஹிபும் நஸிருத்தீன் அஹ்மதும் அந்தப் பக்கம் நின்று பேசினார்கள். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்தார்கள். கடைசியில் டாக்டர் அம்பேத்கர் பதில் சொன்னார். திருத்தத்தை ஏற்க முடியாது என்றார். ஷரீஅத் சட்டம் இந்தியா முழுவதும் மாறாமல் ஒன்றாகவே இருந்தது என்ற வாதத்தையும் அவர் விடவில்லை. 1935 வரை எல்லைப்புற மாகாணத்து முஸ்லிம்கள் வாரிசுரிமையில் வேறு சட்டத்தைப் பின்பற்றியதையும், மலபாரில் நம்மவரிடையே மருமக்கத்தாயம் இருந்ததையும் எடுத்துச் சொன்னார். அதற்கு நம்மிடம் பதில் உண்டா? நம் வழக்கத்திலும் நடைமுறையிலும் கலப்பு இருந்தது உண்மைதான். அதை ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது.

ஆனால் அதே பதிலில் அம்பேத்கர் வேறொன்றும் சொன்னார். இந்தப் பிரிவு பொதுச் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டம் வந்ததும் அதை எல்லாக் குடிமக்கள் மீதும் திணிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வருங்கால நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் செய்தாலும், தாங்கள் அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று விரும்பி அறிவிப்பவர்களுக்கு மட்டும் முதலில் பொருந்தும்படி செய்யலாம். இதற்கு 1937 ஷரீஅத் சட்டத்தையே அவர் முன்மாதிரி காட்டினார்.

திருத்தம் தோற்றது. ஆனால் இந்த வாசகம் அவைக் குறிப்பில் ஏறியது எப்படி? ஒருவர் எழுந்து கேட்டதால்! கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பதிலே இல்லை. 2024 பிப்ரவரியில் உத்தராகண்ட் சட்டசபை பொது உரிமையியல் சட்டம் நிறைவேற்றியபோதும், 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோதும், இந்தப் பேச்சு வரும் இடங்களிலெல்லாம் இரு தரப்பும் எடுத்துப் பார்ப்பது 1948 நவம்பர் 23-இன் அந்தப் பக்கங்களைத்தான். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தோல்வி வேலை செய்துகொண்டிருக்கிறது.

தோல்வி அந்த ஒன்றோடு நிற்கவில்லை. 1949 மே 25-இல் சிறுபான்மையினர் இட ஒதுக்கீடு பற்றிய விவாதம். தனித்தொகுதி முறையோடு ஒதுக்கீடு தொடர வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். சர்தார் படேல் கடுமையாக எதிர்த்தார். நம்மவரிலேயே பேகம் ஐஜாஸ் ரசூலும் தஜம்முல் ஹுசைனும் ஒதுக்கீடே வேண்டாம் என்றார்கள். அதுவும் தோற்றது. தனித்தொகுதி கேட்டது அன்று சரியா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எனக்கு, பிரிவினைக்குப் பின் அது கிடைத்திருக்க வழியே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் கேட்டவர் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். அங்கேயும் எழுந்தார். பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் தொன்மையானது எங்கள் தமிழ். அது என் தாய்மொழி, அதில் நான் பெருமைப்படுகிறேன் என்ற பொருளில் பேசினார். நம் மேடைகளில் 'என்றால்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் முழங்குகிறோம். அந்தச் சொல்லில்தான் அவருடைய வாதத் திறமை இருக்கிறது. எதிராளி வைத்த அளவுகோலையே வாங்கி, அதை வைத்தே அளந்து காட்டினார்.

கணவாய் தாண்டி

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினர். பிறகு 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்குச் சென்றார். எந்தத் தொகுதி? கேரளத்தின் மஞ்சேரி! உங்களில் பாதிப்பேர் ஆரியங்காவு வழியாகக் கேரளம் போய்ப் பிழைப்பவர்கள். அங்கே நம்மைப் பாண்டிக்காரன் என்று எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மலையாளத்து மக்கள் ஒரு தமிழ் ராவுத்தரை மூன்று முறை டெல்லிக்கு அனுப்பினார்கள். இங்கே நாமோ, மேலத்தெரு வேட்பாளருக்குக் கீழத்தெரு ஓட்டுப் போடுமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1962-இல் சீனா படையெடுத்தபோது, தம் மகனை ராணுவத்துக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்கு எழுதினார். 1967-இல் தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் கூட்டணியில் லீக் நின்றது, ஆட்சி மாறியது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக்குக்கு இடம் கிடைத்து, சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1969 ஜூன் 16-இல் மலப்புறம் மாவட்டம் பிறந்தது. 1971-இல் மஞ்சேரி, கோழிக்கோடு தவிர நம் பெரியகுளத்திலிருந்தும் லீக் உறுப்பினர் ஒருவர் மக்களவைக்குப் போனார். 1948-இல் கலைத்துவிடலாம் என்று பேசப்பட்ட அமைப்பு இது!

கல்வியையும் சொல்ல வேண்டும். 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்தன. அந்தத் தலைமுறை வணிகர்களின் பணத்தில், அவர்களின் முயற்சியில் எழுந்தவை அவை. காயிதே மில்லத் அந்த அணியில் நின்றவர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1972-இல் வஃபாத்தானார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம். 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அவர் பெயரைச் சூட்டினார்கள். 1997-இல் தலைவர்கள் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டபோது இதுவும் போயிற்று. பெயர்ப்பலகைக்காக நாம் அழுத அளவுக்கு வேறொன்றுக்கு அழுதிருக்கலாம். அவர் கண்மூடிச் சில ஆண்டுகளிலேயே கேரளத்தில் லீக் இரண்டாக உடைந்து, 1985-இல்தான் ஒட்டியது. உடைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். தமிழகத்தில் எத்தனை அமைப்பு, எத்தனை கொடி என்று எண்ணினால் விரல் போதாது.

இனி நம் ஊர்க் கதை

தம்பி, 2025 வக்ஃப் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 15-இல் இடைக்கால உத்தரவு வந்தது. முழுச் சட்டத்தையும் நிறுத்தவில்லை. ஆனால் ஐந்தாண்டு முஸ்லிமாக வாழ்ந்தவர்தான் வக்ஃப் செய்யலாம் என்ற விதியையும், சொத்துத் தகராறில் அதிகாரியே தீர்ப்புச் சொல்லும் விதியையும் நிறுத்தி வைத்தது. எந்தெந்த விதிகள்? நாடாளுமன்றத்தில் எந்த விதிகளை எதிர்த்து எழுந்து பேசி, தோற்று, குறிப்பில் ஏற்றினார்களோ அவற்றில் சில. அவையில் வைத்த வாதம் வழக்கு மன்றத்தில் மறுபடி எழுந்து நின்றது.

அதே சட்டத்தின்படி வக்ஃப் சொத்து விவரங்களை உமீத் இணையதளத்தில் ஏற்ற 2025 ஜூன் முதல் ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அப்போது தெரிந்தது நம் நிலை. பள்ளிவாசலுக்குத் தென்னந்தோப்பு உண்டு, வயல் உண்டு, கடை உண்டு என்று வாயால் சொன்னோம். பட்டா யார் பெயரில்? அடங்கலில் என்ன இருக்கிறது? வக்ஃப் கெஜட்டில் சர்வே எண் சரியா? பல ஜமாஅத்துகளில் பதில் இல்லை. பெட்டிச் சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம், பத்திரம் கரையானிடம்! அதே ஆண்டு இறுதியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். வளைகுடாவிலும் கேரளத்திலும் இருக்கும் நம் பிள்ளைகளின் படிவத்தை யார் நிரப்புவது என்று வீட்டுப் பெண்கள் அலைந்தார்கள். சட்டம் நமக்கு எதிரானது என்று முழங்கத் தெரிந்த நாம், படிவம் நிரப்பும் மேசையில் நான்கு பேர் உட்கார ஆள் தேடினோம்.

அரசியல் நிர்ணய சபையில் நிற்க நமக்கு வாய்ப்பில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வாய்ப்பிருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "இல்லை" என்று வந்தாலும் அது எழுத்தில் வந்த இல்லை. அதை வைத்து மேல்முறையீடு போகலாம். வாயால் சொன்ன "பார்க்கலாம் பாய்" எந்த நீதிமன்றத்திலும் ஏறாது. திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிடாதீர்கள், கோப்பில் வையுங்கள்.

இதற்கு ஆவேசப் பேச்சாளர் வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு கடைக்காரரும், கைப்பேசியில் இணையதளம் திறக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் போதும். கடைக்காரர்களே, வரவு செலவு எழுதும் அதே கையால் வாரத்தில் ஒரு மணி நேரம் ஜமாஅத்துக் கோப்பையும் எழுதுங்கள். இளைஞர்களே, கணினி தெரிந்தவர் உங்களில் யார் யார்?

வருகிற வெள்ளி இஷாவுக்குப் பின் மதரஸாவில் மேசை போடுகிறோம், இன்ஷா அல்லாஹ். பள்ளிவாசல், கப்ருஸ்தான், மதரஸா ஆகியவற்றின் சொத்துக்கள் சம்பந்தமாக யார் வீட்டில் என்ன காகிதம் இருந்தாலும் எடுத்து வாருங்கள்: பத்திரம், பட்டா, சிட்டா, தீர்வை ரசீது, பழைய கெஜட் நகல் எதுவானாலும். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பித் தருவோம். வெளியூரில் இருக்கும் மகனின் ஓட்டு பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் அவருடைய அடையாள அட்டை நகலோடு வரவும். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறோம். பேனா கொண்டு வாருங்கள். போன தடவை ஒரே பேனாவுக்கு முப்பது பேர் நின்றார்கள்.

வஸ்ஸலாம்.